முளைப்பாரி பார்த்தவள்

முட்ட முட்டத் தண்ணீரைக் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும், அப்போதுதான் ஸ்கேன் மெஷினில் உள்ளே இருப்பது தெளிவாகத் தெரியும் என்று ஆயாம்மா பெஞ்சுக்கே பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய் வெகுநேரம் ஆகிவிட்டது. பூமயிலுக்கு இப்போது உலகத்தில் வேறெந்தக் கவலையும் கவலையாகத் தெரியவில்லை. அதுவும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டாள். அடிவயிறு இப்படிக் கனத்துக்கொண்டு கிடந்தால் மனசு அங்கே இங்கே ஓடாது, சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். வேணாம் டாக்டரம்மா. அவ்வளவுதான். காலையில் ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போடும்போது சொல்லிப் பார்த்தாள், தொண்டையில் நின்றது. லோடு ஆட்டோவில் புருசன் சோணைமுத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள், தடங்கலில்லாமல் வந்தது. டாக்டரம்மா பார்ப்பதற்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இருந்தாலும் பேச்சில் ஒளிவுமறைவு கிடையாது. போன வாரமே உடைத்துச் சொல்லிவிட்டார். "ஒங்களுக்கு நாப்பது தாண்டிருச்சு. மொதப் பிரசவத்துல வலிப்பு வந்துருக்கு, வயித்தக் கிழிச்சுத்தான் எடுத்துருக்காங்க. ரத்தம் கம்மி, பிரஷர் கூடுதல். வச்சுக்கிட்டா நாங்க பாத்துக்குவோம், நீங்களும் சொன்னபடி கேக்கணும். வேணாம்னாலும் சட்டத்துல எடமிருக்கு, ஆனா நாளத் தள்ளக்கூடாது. செவ்வாக்கெழம ஸ்கேன் பாத்துட்டு முடிவச் சொல்லுங்க." இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. மாசமானவர்கள் வரும் நாள். பெஞ்சு முழுக்கச் சின்னஞ்சிறு பெண்கள், ஒருத்தியைவிட ஒருத்தி வயிற்றைத் தள்ளிக்கொண்டு, மாமியாரையும் வாந்தியையும் ஒரே மூச்சில் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்தவள் "நல்லாச் சாஞ்சு உக்காருங்கத்த" என்று நகர்ந்து இடம் விட்டாள். அவள் ஊரில் எலுமிச்சங்காய் ஊறுகாயை மோந்து பார்த்தால் வாந்தி நிற்குமாம். எதிர்வரிசையில் ஒருத்தி, அதெல்லாம் சும்மா, வறுத்த உப்புக்கடலைதான் கேட்கும் என்றாள். கடலையா, நமக்குச் சேமியா ஐஸ் அல்லவா கேட்கிறது என்று பூமயில் வாய்வரைக்கும் கொண்டுவந்துவிட்டுச் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். இது என்ன கூத்து. வேணாம் என்று சொல்ல வந்தவளுக்கு இந்தப் பேச்சில் என்ன வேலை.

சேமியா ஐஸைப் பற்றி யாரிடமும் சொல்ல முடியாது. மத்தியானம் பள்ளிக்கூடத்து வாசலில் மணியடித்துக்கொண்டு வரும் ஐஸ்காரனை நிறுத்தி, வீட்டுக்கு விருந்தாளிப் பிள்ளைகள் வந்திருப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டு போய், ஆட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நின்று, குச்சியை நக்கி முடிக்கும் வரைக்கும் வேறு நினைப்பே வராமல் தின்றாள். கடைசி ஆட்டுக்குட்டி மட்டும் பார்த்துக்கொண்டு நின்றது. அந்த நேரத்தில் அவளுக்குச் சந்தோசமாக இருந்தது. சும்மா இல்லை, கூத்தாடலாம்போல் இருந்தது. அப்புறம்தான் வெட்கம் வந்தது, வெட்கத்துக்குப் பின்னால் பயம் வந்தது, பயத்துக்குப் பின்னால் மகள் முகம் வந்தது. எப்போதும் இதே வரிசைதான். மகள் முகம் வந்ததும் எல்லாம் நின்றுபோகும். வேணாம் டாக்டரம்மா. ஆமாம், அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறோம். ஆயாம்மா வந்து யாரையோ கூப்பிட்டாள். தன்னைத்தானோ என்று பதறிக் காலை இறுக்கிக்கொண்டாள். வேறு பேர். இன்னும் எவ்வளவு நேரம்தான் அடக்குவது, மனுசி தாங்க வேண்டாமா.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்த முளைப்பாரிதான். இல்லை, முளைப்பாரியைச் சொல்லக் கூடாது, ஆத்தா கோவித்துக்கொள்வாள். காரணம் தன்னுடைய ஆசைதான். ஊரில் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டினால் முளைப்பாரி ஓடுகளையெல்லாம் ஓர் இருட்டறையில் வைத்து, ஒன்பது நாளும் ஒரே ஒருத்திதான் உள்ளே போய்த் தண்ணீர் தெளித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஒருத்திக்கு மாசத்தீட்டு நின்றுபோயிருக்க வேண்டும் என்பது கட்டுப்பாடு. வழக்கமாகப் பார்க்கிறவள் மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டாள். தெருவில் ஆள் தேடினார்கள். பஞ்சவர்ணம் மதினிதான் குழாயடியில் ஆரம்பித்து வைத்தது. "ஏ பூமயிலு, ஒனக்குத்தான் போன வருசத்துலருந்து முன்னப்பின்ன வருதுன்னு சொன்னியே, இப்ப எப்படி?" மாசியில் வரவில்லை, பங்குனியிலும் வரவில்லை என்று இவள் சொல்ல, "அப்ப நின்டுருச்சு! அப்புறம் என்ன!" என்று மதினி குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் குலவையே போட்டுவிட்டது. தெருவே கூடித் தீர்மானித்துவிட்டது, இவளுக்கு நின்றுவிட்டதென்று. பூமயிலுக்கும் அது பிடித்திருந்தது. அந்த அறைக்குள் போகிற மரியாதை யாருக்குக் கிடைக்கும். தலைவாசலில் பெண்கள் கும்மியடித்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் ஈரத்துணியோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒரு வேளைச் சாப்பாடு. குமட்டியது, விரதம் என்று நினைத்தாள். தலை சுற்றியது, அதையும் விரதம் என்று நினைத்தாள். சோற்றைக் கண்டால் பிடிக்கவில்லை, அடடா, பக்தி முற்றிவிட்டது என்று நினைத்தாள். அறைக்குள் மொச்சையும் தட்டாம்பயறும் இருட்டில் வெளிறிய மஞ்சளாகக் கிளம்பி முழங்கைக்கு மேலே வளர்ந்து நின்றன. ஊரில் அப்படி ஒரு வளர்த்தியை யாரும் பார்த்ததில்லை. கைராசிக்காரி என்று பூசாரியே சொன்னார். ஊர்வலத்தில் முளைப்பாரியைத் தலையில் வைத்துக்கொண்டு கண்மாய்க்குப் போகும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. இப்போது நினைத்தால் பகீரென்கிறது. சாப்பிடாமல் கிடந்தோமே, அந்த ஈரத்தில் குத்தவைத்துக் குத்தவைத்து எழுந்தோமே, உள்ளே இருந்தது என்ன பாடுபட்டிருக்கும். ஊருக்குத் தெரிந்தால் என்ன சொல்லும். மாசக்கணக்கைப் பின்னோக்கி எண்ணிப் பார்க்க மாட்டார்களா. பஞ்சவர்ணம் மதினிக்கு அதைவிட வேறென்ன வேலை. ஆனால் ஒரு வகையில் பார்த்தால் தப்பொன்றும் இல்லையே, தீட்டுத்தான் வரவில்லையே, என்றும் ஒரு நினைப்பு வரும். வந்தவுடனே சிரிப்பும் வரும். சிரிக்கக் கூடாது. இந்த வயிற்றை வைத்துக்கொண்டு இப்போது சிரிக்கவே கூடாது.

அந்த நர்சம்மா எஸ்தரும் முதலில் சிரிக்கத்தான் சிரித்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தடுப்பூசி போட வந்த இடத்தில் இவள் காலைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, கால் இப்படி வீங்கிருக்கு, மொகம் வெளுத்துருக்கு, தலைக்குக் கடைசியா எப்பக் குளிச்சீங்க?" என்று கேட்டது. எனக்கு அதெல்லாம் நின்று போய்விட்டது என்று பூமயில் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். "நின்னுருச்சு, சரி. எதுக்கு நின்னுச்சுன்னு பாத்துருவமே" என்று ஓர் அட்டையைக் கையில் கொடுத்தது. இரண்டு கோடு விழுந்ததும் எஸ்தர் குபீரென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டது. விரதம் முடிந்தும் குமட்டல் நிற்காமல், கட்டியாக இருக்குமோ, கர்ப்பப்பையில் புற்றாக இருக்குமோ என்று ராவெல்லாம் புரண்டுகொண்டிருந்த பூமயிலுக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டதும் உயிர் வந்தது. அந்த ஒரு நிமிசம், பிள்ளை என்றுகூட நினைக்கவில்லை, சாகவில்லை என்றுதான் நினைத்தாள். பொழுது சாய்ந்ததும் சோணைமுத்துவிடம் சொன்னாள். மனுசன் வெளியே போய் நின்றுகொண்டிருந்த லோடு ஆட்டோவைக் கிளப்பிக் கொஞ்சம் முன்னால் விட்டான், பிறகு பின்னால் எடுத்தான், பழைய இடத்திலேயே நிறுத்தினான். மறுநாள் சீட்டுக்கு அடியில் துண்டில் சுற்றி மாதுளம்பழம் ஒளித்துக்கொண்டு வந்தான், திருட்டுச் சாராயம் கொண்டுவருகிறவன் மாதிரி. மீசைக்கு மை வேறு அடித்திருந்தான். இந்த மனுசனுக்கு இப்போது எதற்கு மை என்று கேட்டால், "சும்மாதான்" என்றான். என்ன செய்யலாம் என்று இவள் கேட்டபோது மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு, "நீ என்ன சொல்றியோ அதான்" என்றான். அதில்தான் இவளுக்குக் கோபம். தைப்பொங்கலன்றைக்கு இவளைக் கேட்டா எல்லாம் நடந்தது. இப்போது பார், வெளியே புங்கமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, தெரிந்தவர்கள் யாராவது கேட்டால் முழங்கால் வலிக்கு வந்தேன் என்று சொல்லிக்கொண்டிருப்பான்.

ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், ஊரைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். சோதியை எப்படித் தாங்குவது. ஒரே மகள், நாகஜோதி. கட்டிக்கொடுத்து மூன்று வருசம் ஆகிறது. மாசம் தவறாமல் போன் வரும். வேறு ஒன்றும் சொல்ல மாட்டாள். "வந்துருச்சும்மா" என்பாள். அவ்வளவுதான். பூமயிலும் சரித்தா, சரித்தா என்பாள். மாமியார் ஒன்றும் சொல்வதில்லையாம், ஆனால் பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு இவள் எதிரே உட்கார்ந்து கொஞ்சுமாம். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி, சிவகங்கையில் ஓர் ஆஸ்பத்திரி, ஊசி, மாத்திரை, விரதம், எல்லாம் பார்த்தாயிற்று. போன மாசமும் போன் வந்தது. "வந்துருச்சும்மா." அப்போது பூமயிலின் முந்தானையில் எஸ்தர் கொடுத்த அட்டை முடிந்து கிடந்தது. மகள் அழுகிறாள், தாய் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். இதைவிடக் கேவலம் உண்டா. மகளுக்கு வளைகாப்பு நடத்த வேண்டியவள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுப் படி ஏறுவதா. அவள் மாமியார் ஒரு பார்வை பார்க்காதா. வேணாம் டாக்டரம்மா. இத்தனைக்கும் இருபது வருசமாக இன்னொன்று வராதா என்று ஏங்கினவள்தான். சோதியைப் பெறும்போது வலிப்பு வந்து நினைவு தப்பி, கண் விழித்துப் பார்க்கையில் பிள்ளை யார் மடியிலோ கிடந்தது. தன் பிள்ளை முதலில் அழுத அழுகையை அவள் கேட்டதில்லை. யாரைக் கேட்டாலும் எல்லாப் பிள்ளையும் அழுகிற மாதிரி அழுதது என்றார்கள். அது போதுமா. இன்னொன்று பிறந்தால் அந்த முதல் அழுகையைக் கேட்க வேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருப்பாள். பிறகு கேட்கிறவர்களும் கேட்பதை விட்டார்கள், அவளும் மறந்துவிட்டாள். மறந்துவிட்டேன் என்று நினைத்தாள். இந்த முறை கேட்கலாமோ. அந்த வலிப்பு மறுபடி வந்தால். வந்து, இந்தத் தடவை கண்ணே விழிக்காமல் போனால், சோணைமுத்து என்ன செய்வான், கடைசிக் குட்டிக்கு யார் தழை ஒடிப்பார்கள். இல்லை, வேணாம். வேணாம் என்பதுதான் சரி. வேணாம் என்று முடித்த கையோடு, பழைய சுங்குடிச் சேலை ஒன்று துவைத்துத் துவைத்து மெத்தென்று இருக்கிறதே, தொட்டிலுக்கு ஆகுமே என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"நகந்து உக்காரும்மா."

பூமயில் நிமிர்ந்தாள். சோதிதான். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருப்பாள் போலிருக்கிறது, கழுத்தெல்லாம் வேர்வை. பூமயிலுக்கு ஒரு கணம் தண்ணீர், ஸ்கேன், பெஞ்சு எல்லாம் மறந்துபோயிற்று.

"நீ எங்கடி இங்க?"

"அப்பா போன் பண்ணுச்சு. ஆட்டுக்குட்டி பொறந்ததப் பத்திப் பேசுச்சு, வண்டி டயரப் பத்திப் பேசுச்சு, அப்புறம் ஓன்னு அழுதுருச்சு."

"அந்த மனுசன் வாயில..."

"அப்பாவ ஏன் திட்டுற. நீ சொல்லிருக்கணும்ல?"

"எந்த வாயால சொல்லச் சொல்ற ஆத்தா? நீ மாசாமாசம்..." பூமயில் தலையைக் குனிந்துகொண்டாள். "நீ ஒண்ணும் நெனைக்காத. நான் வேணாம்னு சொல்லத்தான் வந்தேன். இந்தா, கூப்புட்டதும் சொல்லிருவேன்."

சோதி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் பேசியபோது குரல் ஆத்திரமாகத்தான் வந்தது.

"எனக்குப் பொறாமையா இருக்கும்மா. பொய் சொல்ல மாட்டேன். அப்பா சொன்னதக் கேட்டுட்டு நேத்துப் பூராவும் அழுதேன். சோறு வைக்கல, ஒண்ணும் வைக்கல. அது எம் பாடு, நான் பாத்துக்குவேன். ஆனா எனக்காகன்னு நீ அதக் கலச்சுட்டு வந்து எம் மொகத்துல முழிச்சேன்னு வையி, அத நான் எங்க கொண்டுபோயி எறக்கி வைக்கிறது? நாளைக்கு எனக்கே ஒண்ணு பொறந்தாலும் நிம்மதியா எடுத்துக் கொஞ்ச முடியுமா? ஒடம்புக்கு முடியல, பயமா இருக்கு, வேணாங்கறியா? சரி, நானே கூட இருந்து பாக்குறேன். வேணுங்கறியா? அதுக்கும் நான் இருக்கேன். என்னைய மட்டும் காரணம் சொல்லாத. ஒனக்கு என்ன வேணும், அதச் சொல்லு."

ஒனக்கு என்ன வேணும். பூமயில் அந்தக் கேள்வியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்தில் கேட்டார்களா, அரக்குச் சேலைதான் எடுத்திருக்கிறோம் என்று சொன்னார்கள். நூறு நாள் வேலையில் கேட்டார்களா, மண்வெட்டியா கூடையா என்றுகூடக் கேட்டதில்லை. நின்டுருச்சு என்று தெருவே கூடி முடிவு கட்டியபோது கேட்டார்களா. டாக்டரம்மா கேட்டார், ஆனால் அதற்கு முன்னால் பயப்பட வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டார், அது அவர் வேலை. சோணைமுத்து கேட்கவே இல்லை, நீ என்ன சொல்றியோ என்று தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டான். என்ன வேண்டும். சேமியா ஐஸ் வேண்டும். ஒன்றுக்குப் போக வேண்டும். அந்த முதல் அழுகையைக் கேட்க வேண்டும். இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து இந்தப் பிள்ளைகளோடு வாந்தியைப் பற்றி வாய் ஓயாமல் பேச வேண்டும். சாகக் கூடாது. செத்தாலும் என்று நினைத்து, சீ, சாகக் கூடாது, எஸ்தர் கொடுக்கிற மாத்திரையை ஒன்று விடாமல் தின்ன வேண்டும். நெஞ்சுக்குள் இத்தனை கிடந்ததா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"வேணும்டீ" என்றாள். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தாள், பெஞ்சு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

சோதி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அத மொதல்லயே சொல்றதுக்கு என்ன."

"ஊருக்குத் தெரிஞ்சா, முளைப்பாரி அறைக்குள்ள இதோட போயிருக்கான்னு..."

"அதுவுந்தான ஒங்கூட ஒம்பது நாளு வெரதம் இருந்துச்சு? ரெண்டு பேரு சேந்து பாத்ததுக்குத்தான் அம்புட்டு ஒசரம் வளந்துச்சுன்னு சொல்லு, பஞ்சவர்ணம் அத்தைக்கு." சோதி கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள். "எனக்கும் ஒரு கணக்கு இருக்கும்மா. கூடப்பொறந்தவன் இல்லாதவ நான். எம் பிள்ளைக்கு மொட்டை போட, காது குத்தத் தாய்மாமன் மடிக்கு எங்க போறது? பய பொறந்தான்னா சம்மணம் போட்டு உக்கார வச்சிருவேன். டவுசர் போட்ட தாய்மாமன். மடி பத்துமான்னுதான் தெரியல."

"பொண்ணாப் பொறந்துட்டா?"

"சித்தியாகிட்டுப் போறா. ரெட்டச் சடை போட்ட சித்தி. எம் பிள்ளைய அதட்டிப் பள்ளிக்கூடம் கூட்டிட்டுப் போவா."

"சிரிக்க வைக்காதடி, இங்கேயே ஆயிரும்" என்று பூமயில் இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. எது சிரிப்பு, எது அழுகை என்று பிரிக்க அவளுக்கு அப்போது நேரமில்லை.

"பூமயிலு! ஆரு பூமயிலு?" ஆயாம்மா கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றாள். கண் நேராகச் சோதியிடம் போயிற்று. "எந்திரி தாயி, சுருக்கா வா. தண்ணி நல்லாக் குடிச்சியா? பெரியவுக நீங்க இங்கனயே இருங்க, நாங்க பாத்துக்கிறோம்."

எத்தனை ஆஸ்பத்திரியில், எத்தனை பெஞ்சில், இந்தப் பிள்ளை இப்படி ஒரு கூப்பிடுதலுக்குக் காத்துக் கிடந்திருக்கிறாள். யாரோ முகம் தெரியாதவள் வந்து அந்த இடத்திலேயே கையை வைத்துவிட்டாளே. எழுந்திருக்கலாமா, தான்தான் என்று சொல்லலாமா, சொன்னால் இவள் முகம் என்ன ஆகும் என்று பூமயில் தவிப்பதற்குள் சோதி எழுந்துவிட்டாள்.

"நான் இல்லக்கா" என்றாள், பெஞ்சுக்கெல்லாம் கேட்கிற மாதிரி. "இவுகதான் பூமயிலு. எங்கம்மா. நான் கூட வந்தவ."

ஆயாம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அடி ஆத்தீ" என்று வாய்நிறையச் சிரித்தாள். பக்கத்தில் இருந்த பெண் எழுந்து பூமயிலுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். சோதி அம்மாவின் செருப்பைக் கழற்றச் சொல்லி, தன்னுடையதையும் கழற்றி, இரண்டு ஜோடியையும் கதவோரம் ஒதுக்கி வைத்துவிட்டுக் கூடவே உள்ளே போனாள்.

உள்ளே ஏசி சில்லென்றிருந்தது. வயிற்றில் தடவிய பசை அதைவிடச் சில்லென்றிருந்தது. டாக்டரம்மா கருவியை அழுத்தி நகர்த்தினார். திரையைப் பார்த்தார், மறுபடி நகர்த்தினார். பூமயில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஏன் பேச மாட்டேனென்கிறார். பட்டினி கிடந்தது. கண்மாய்க்கு நடந்தது. ஒரு வேளைச் சோற்றையும் பாதிக்கு மேல் ஆட்டுக்குப் போட்டது. வேணாம் வேணாம் என்று காலையிலிருந்து உருப்போட்டது அதன் காதில் விழுந்திருக்குமோ. ஆத்தா, தெரியாமல் சொல்லிவிட்டேன், எதையும் மனசில் வைத்துக்கொள்ளாதே. யாரைக் கேட்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை, கோயிலில் இருப்பவளையா, வயிற்றில் இருப்பதையா. சோதியின் கை அவள் கையை நசுக்கிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா ஒரு பொத்தானைத் தட்டினார். அறை முழுக்கச் சத்தம் கிளம்பியது. தடதடதடவென்று, மூச்சே விடாமல், எங்கேயோ அவசரமாகப் போகிற சத்தம்.

"துடிப்பு நல்லா இருக்கு. வளர்ச்சியும் சரியா இருக்கு. நஞ்சுக்கொடி பழைய தையல் பக்கமே இல்ல, மேல இருக்கு. அதுதான் நான் பயந்தேன்" என்றார் டாக்டரம்மா. "என்னம்மா, முடிவு பண்ணிட்டீங்களா?"

"பெத்துக்கிறேன் டாக்டரம்மா."

அது எந்த ஒத்திகையும் இல்லாமல் வந்தது. டாக்டரம்மா தலையாட்டினார். பிரஷர் மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது, ரத்தத்துக்கு ஊசி போட வேண்டும், தலைவலியோ கண் மங்கலோ வந்தால் ராத்திரி என்று பார்க்காமல் ஓடி வர வேண்டும், பிரசவம் பெரியாஸ்பத்திரியில்தான், பக்கத்தில் எப்போதும் ஆள் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் சோதிதான் சரி டாக்டர், சரி டாக்டர் என்று பதில் சொன்னாள். சத்தம் நின்றுவிட்டிருந்தது. டாக்டரம்மா கருவியைத் துடைக்கத் துணியை எடுத்தார்.

"டாக்டர்" என்றாள் சோதி. அவள் கன்னமெல்லாம் நனைந்திருந்தது, வாய் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. "அந்தச் சத்தத்த இன்னொரு தடவ வைக்கிறீங்களா?"

டாக்டரம்மா துணியைக் கீழே போட்டுவிட்டு மறுபடியும் வைத்தார்.